ஒரு நிமிட ஆட்டத்துக்கு ஒரு டயர்! இருபது நிமிட ஆட்டத்துக்கு வேறு டயர்!
இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று வாங்கும் வாலிபர்களே, உஷார்!

சென்னை:
2005ஆம் ஆண்டு ஜூன் 19. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரம். பார்முலா ஒன் கார் பந்தயம்.

20 கார்கள் மைதானத்தைச் சுற்றி வந்தன. பந்தயம் தொடங்கப் போகிறது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

அப்போது நடந்தது யாரும் எதிர்பாராத காரியம். 14 கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஷெட்டுக்குள் திரும்பிவிட்டன! களத்தில் மிச்சம் 6 கார்கள்தான்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய கூட்டம் கூச்சல் போட்டது. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன.

என்ன காரணம்? என்ஜின் கோளாறா? இல்லை. பிரேக் கோளாறா? அதுவும் இல்லை.

டயர்!

அந்த 14 கார்களிலும் மாட்டியிருந்தது மிஷெலின் கம்பெனி டயர். இரண்டு நாள் முன்பு பயிற்சியின்போது 13வது வளைவில் ஒரு காரின் டயர் வெடித்து, கார் சுவரில் மோதியது. சாய்வாகக் கட்டப்பட்ட அந்த வளைவை இந்த டயர்கள் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று கம்பெனியே கையை விரித்துவிட்டது. ஓடிய 6 கார்களிலும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்.

அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர் யார் தெரியுமா? நம்ம கோவை நரேன் கார்த்திகேயன். நாலாவதாக வந்தார். 5 பாயிண்டு பெற்றார். பார்முலா ஒன் பந்தயத்தில் பாயிண்டு எடுத்த முதல் இந்தியர் என்ற பெயர் அன்றைக்குக் கிடைத்தது.

உலகத்திலேயே கெட்டிக்கார என்ஜினீயர்கள், கோடி கோடியாகப் பணம், எல்லாம் இருந்தும் டயர் தேர்வில் சறுக்கினால் காரை ஷெட்டில் போட வேண்டியதுதான். அப்படியிருக்க, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டயர் வாங்கும் நம்ம ஊர் வாலிபர் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

டயர் ஊர், ரேஸ் ஊர்

சென்னைக்கும் டயருக்கும் இருக்கிற சொந்தம் பழசு. 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னால் எம்.ஆர்.எப். ஆனது.

ரேஸ் சொந்தமும் பழசுதான். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் விமான ஓடுபாதையில், 1980களின் கடைசி வரை கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறந்தன. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே வந்துவிட்டது. நீளம் 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள். கோவையில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

முன்பெல்லாம் டிராக்கில் ஓட்டுவது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் வேலை. இப்போது அப்படி இல்லை. வாரம் ஆறு நாள் ஆபீஸுக்குப் போகும் அதே காரை ஏழாவது நாள் டிராக்குக்கு ஓட்டிப் போகிறவர்களும் உண்டு. வேலை முடிந்ததும் அதே கார், அதே டயரில் வீடு திரும்ப வேண்டும். ஆபத்து அங்கேதான்!

இரண்டு ஆட்டம், இரண்டு குணம்

டயர் கடைக்குப் போகிற வாலிபர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, நல்லா கிரிப்பா ஒரு செட் குடுங்க!"

கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான். "எதுக்கு தம்பி?"

ஆட்டோகிராஸ் என்பது ஒரு ஆட்டம். பெரிய மைதானத்தில் ஆரஞ்சு கலர் கோன்களை அடுக்கி வளைந்து வளைந்து பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். போட்டி கடிகாரத்தோடு. கோன் சாய்ந்தால் அபராத நொடிகள். வேகம் அதிகம் இருக்காது. ஆனால் சட்சட்டென்று திருப்ப வேண்டும். ஒரு ஓட்டம் சுமார் ஒரு நிமிடம். முடிந்தால் அடுத்த முறை வரும் வரை கார் நிழலில் நிற்கும்.

டிராக் டே என்பது இன்னொரு ஆட்டம். அது பந்தயம் அல்ல. நேரம் ஒதுக்கி, ஹெல்மெட் மாட்டி, சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்ப்பது. 15 நிமிடம், 20 நிமிடம் நிறுத்தாமல் சுற்றுவார்கள். நேர் பாதையில் முழு வேகம். வளைவில் முழு பிரேக். மறுபடி முழு வேகம்.

முதல் ஆட்டத்தில் டயர் சூடாவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். இரண்டாவதில் டயர் கொதித்த பிறகும் ஆட்டம் முடியாது. ஒரே டயர் இரண்டிலும் ராஜாவாக இருக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

ரப்பரின் ரகசியம்

டயர் ரப்பர் தோசைக்கல் மாதிரி. காயாத கல்லில் மாவு ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். அளவாகக் காய்ந்தால் தோசை அழகாக வரும். அதிகம் காய்ந்தால் கருகும்.

ரப்பருக்கும் ஒரு பதமான சூடு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் ரப்பர் விறைத்து நிற்கும், ரோட்டைப் பிடிக்காது. அந்தச் சூட்டில் இருந்தால் தார் ரோட்டைக் கவ்விக்கொள்ளும். தாண்டிப் போனால் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். ஓட்டுகிறவர் "கார் சரியில்லை" என்பார். கார் சரியாகத்தான் இருக்கும். டயர் வெந்து போயிருக்கும்.

ஆட்டோகிராஸுக்கு சீக்கிரம் சூடாகி உடனே கவ்வும் மெல்லிய குணமுள்ள ரப்பர் வேண்டும். டிராக் டேக்கு மெதுவாகச் சூடானாலும் பரவாயில்லை, கடைசிச் சுற்று வரை பிடி விடாத ரப்பர் வேண்டும்.

புது டயரில் இன்னொரு சங்கதி. பூக்கட்டை ஆழமாக இருந்தால், வளைவில் அந்த ரப்பர் கட்டைகள் நெளியும். நெளிய நெளியச் சூடு ஏறும். அதனால்தான் அமெரிக்காவில் சிலர் புது டயரையே மேலாகச் சீவி எடுத்துவிட்டு டிராக்குக்குக் கொண்டு போகிறார்கள்!

ஆட்டோகிராஸில் ஒரே காரை இருவர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அப்போது டயர் ஆற நேரம் கிடைக்காது. என்ன செய்வார்கள்? செடிக்கு மருந்து அடிக்கிற மாதிரி, பம்ப் டப்பாவில் தண்ணீர் நிரப்பி டயர் மேல் அடிப்பார்கள். சூடு குறைந்தால்தான் அடுத்த ஓட்டத்துக்குப் பிடி கிடைக்கும்.

டயரின் ஜாதகம்

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். அது டயரின் ஜாதகம்.

உதாரணமாக 195/55 ஆர் 15 85 வி என்று இருக்கிறது என்று வையுங்கள்.

195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்றால் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம் அளவு, அங்குலத்தில். 85 என்பது சுமைக் குறி, ஒரு டயர் 515 கிலோ தாங்கும். வி என்பது வேகக் குறி, மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. எச் என்றால் 210. டி என்றால் 190.

டிராக்குக்குப் போகிறவர் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த சுமைக் குறியோ வேகக் குறியோ உள்ள டயரை வாங்கவே கூடாது.

நாலு இலக்கத்தில் தேதியும் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. பல வருஷம் கோடவுனில் கிடந்த டயர் பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். ரப்பர் விறைத்துப் போயிருக்கும். "ஆபர்" என்று தள்ளிவிடுவது சில இடங்களில் இந்த மாதிரி சரக்குதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

200 என்ற மாய எண்

சில டயர்களில் ட்ரெட்வேர் என்று போட்டு ஒரு எண் இருக்கும். இது தேய்மான எண். அமெரிக்கச் சட்டப்படி பொறிப்பது. இங்கே விற்கும் எல்லா டயரிலும் இருக்காது.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோ ஊர்ப் பக்கத்து ரோடுகளில் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள். எண் 100 என்றால் அளவுகோல் டயர். 200 என்றால் அதைப்போல இரண்டு மடங்கு உழைக்கும். 400 என்றால் நாலு மடங்கு.

எண் குறையக் குறைய ரப்பர் மெல்லியது, பிடி அதிகம் என்பது பொதுவான கணக்கு.

ஆனால் கடைசியில் அந்த எண்ணைப் போடுவது அரசாங்கம் அல்ல. டயர் கம்பெனியே போட்டுக்கொள்கிறது! அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் ஆட்டோகிராஸில், ஸ்ட்ரீட் வகுப்புகளுக்கு 200க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி. என்ன ஆயிற்று? ரேஸ் டயருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி டயர்களைச் செய்து, பக்கத்தில் 200 என்று பொறித்து விட்டார்கள்.

எண் ஒன்றுதான். குணம் ஒன்றல்ல.

யோகஹாமா அட்வான் ஏ052 டயரில் 200 என்று இருக்கிறது. சீக்கிரம் சூடாகும், உடனே கவ்வும். ஆட்டோகிராஸ்காரர்களின் செல்லப் பிள்ளை. ஆனால் டிராக்கில் நீள ஓட்டினால் வெந்துவிடும், வேகமாகத் தேயும்.

ஹான்குக் வென்டஸ் ஆர்.எஸ்.4 டயரிலும் 200தான் இருக்கிறது. முதல் நிமிடத்தில் அவ்வளவு பிடி இருக்காது. ஆனால் சூட்டைத் தாங்கும், நீண்ட நேரம் உழைக்கும். மணிக்கணக்கில் ஓடும் பந்தயக்காரர்கள் தேடுவது இதைத்தான்.

பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்.இ.71ஆர்.எஸ். இரண்டு ஆட்டத்திலும் பேசப்படும் டயர். நல்ல பிடி. ஆனால் உழைப்பில் ஹான்குக்கை எட்டாது.

இவை எல்லாம் நம்ம ஊர்க் கடையில் போய்க் கேட்ட உடனே கிடைக்கும் சரக்கு அல்ல. 2020 ஜூன் மாதம் மத்திய அரசு கார் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், வெளிநாட்டு டயரை வரவழைப்பது இன்னும் சிரமமானது. ஆகவே பெயரைப் பார்த்து மயங்காமல் குணத்தைப் பார்த்து வாங்குவதே புத்தி.

யாருக்கு எது?

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்: சாதாரண ரோட்டில் ஓடும் தரமான ஸ்போர்ட்ஸ் டயரே போதும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வகை மாதிரி. தேய்மான எண் 300 அல்லது அதற்கு மேல். இந்த டயர் பிடி விடும் முன்பு கிரீச் என்று கத்தி எச்சரிக்கும். அதிகப் பிடியுள்ள டயர் அவ்வளவாக எச்சரிக்காது. விட்டால் சட்டென்று விடும். கற்றுக்குட்டிக்கு அது ஆபத்து.

ஆட்டோகிராஸ்தான் அதிகம், டிராக் எப்போதாவது: சீக்கிரம் சூடாகும் டயர். டிராக்குக்குப் போனால் நாலைந்து சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று ஆறவிட்டு ஓட்ட வேண்டும்.

டிராக்தான் அதிகம், ஆட்டோகிராஸ் எப்போதாவது: சூடு தாங்கும் டயர். கோன் ஆட்டத்தில் ஒரு நொடி போகும். போகட்டும். நம்ம வெயிலில் தார் ரோடே பாதி வேலையைச் செய்துவிடும். மெதுவாகச் சூடாகும் டயர் குளிர் நாட்டில் படுகிற பாடு இங்கே படாது. அதே வெயிலில் மெல்லிய ரப்பர் சீக்கிரம் வெந்துவிடும்.

கணக்குப் போட்டால், இரண்டு ஆட்டமும் ஆடி ஒரே செட் வைத்திருக்கும் சென்னைக்காரர் சூடு தாங்கும் டயர் பக்கம் சாய்வதே நல்லது. ஒரு நொடி தோற்பதால் உயிர் போகாது. வெந்த டயரில் முழு வேகத்தில் வளைந்தால் போகலாம்.

வசதி உள்ளவர்: நாலு ரிம் தனியாக வாங்கி, விளையாட்டு டயரை அதில் மாட்டிக்கொள்ளட்டும். டிராக்கில் போய் மாற்றிக்கொண்டு, திரும்பும்போது பழைய செட். செலவு அதிகம் மாதிரி தெரியும். ஆனால் தினசரி டயரும் தேயாது, விளையாட்டு டயரும் ஆபீஸ் ரோட்டில் வீணாகாது.

இன்னொரு விஷயம். நம்ம ஊரில் பல ஆட்டோகிராஸ் மண் தரையில் நடக்கிறது. அங்கே மேலே சொன்ன டயர் எதுவும் உதவாது. தார் ரோட்டைக் கவ்வும் டயர் மண்ணில் வழுக்கும், கல் பட்டுக் கிழியும். மண்ணுக்கு மண் டயர்தான். பெயர் கொடுக்கும் முன்பு "தரை என்ன தரை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் வித்தை

எந்த டயர் வாங்கினாலும் காற்று சரியில்லை என்றால் காசு தண்டம்.

இதற்கு ஒரு மலிவான வித்தை இருக்கிறது. ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்தில், பூவும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை, டயர் மடங்குகிறது. ஓரத்தில் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம்.

வெளி ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்மானம் சரியில்லை. அலைன்மென்ட் கடையில் காட்டுங்கள். முன் சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்தான் முதலில் தேயும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டினால் நாலும் சமமாகத் தேயும்.

வீடு திரும்பும் வழியில் எமன்

இப்போது முக்கியமான இடம்.

டயர் சூடானால் உள்ளே காற்று விரியும். காலையில் குளிர்ந்த டயரில் 30 பி.எஸ்.ஐ. இருந்தது என்றால், 40 டிகிரி சூடு ஏறினால் 36 ஆகிவிடும். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் அதைத் திறந்துவிட்டு மறுபடி 30க்குக் கொண்டு வருவார்கள். அது சரிதான். அப்போதுதான் பிடி இருக்கும்.

மாலை ஆகிறது. ஆட்டம் முடிந்தது. போட்டோ எடுத்தாயிற்று. டீ குடித்தாயிற்று. டயர் ஆறிவிட்டது.

இப்போது அந்த டயரில் எவ்வளவு காற்று இருக்கும்? 30 அல்ல. சுமார் 25!

இது தெரியாமல் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, லாரிகளுக்கு நடுவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் என்ன ஆகும்? காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கும். பக்கச்சுவர் உள்ளுக்குள் கொதிக்கும். ஏற்கெனவே பகல் முழுக்க அடி வாங்கிய டயர் அது. வெடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

டிராக் கேட்டைத் தாண்டும் முன்பு செய்ய வேண்டியது நாலு காரியம்.

ஒன்று, ஆறிய டயரில் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று அடியுங்கள். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன பம்ப் போதும்.

இரண்டு, வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பாருங்கள்.

மூன்று, டயரைக் கையால் தடவிப் பாருங்கள். வெட்டு, வீக்கம், கம்பி தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

நாலு, பூவின் பள்ளத்தில் இருக்கும் மேட்டைப் பாருங்கள். அந்த மேடு 1.6 மில்லிமீட்டர். பூ அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஜாக்கிரதை. விளையாட்டு டயரில் பள்ளம் குறைவு. தண்ணீர் வெளியேற வழி இல்லை. ரோட்டில் தண்ணீர் நின்றால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டீயரிங் இருக்கும், பிடி இருக்காது. பிரேக் இருக்கும், கார் நிற்காது.

ரோடு டிராக் அல்ல

கடைசியாக ஒரு சங்கதி. நல்ல டயர் மாட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பைபாஸிலும் ராத்திரி வித்தை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிராக்கில் எதிரே கார் வராது. மாடு குறுக்கே வராது. பால்காரர் சைக்கிளில் வர மாட்டார். மோதினால் தாங்க டயர் சுவரும் மண்ணும் இருக்கும். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். ரோட்டில் இதில் எது இருக்கிறது? எந்தக் கம்பெனி டயரும் குறுக்கே வருகிற குழந்தைக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை.

இண்டியானாபோலிஸில் அன்றைக்கு 14 கார்கள் ஓடாமல் திரும்பின. ஜனங்கள் திட்டினார்கள். கம்பெனி மானம் போனது. ஆனால் 14 டிரைவர்களும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே டயர் கடையில் "எதுக்கு தம்பி?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் கேட்காவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வேண்டும்.

"ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்கு எந்த டயர்ல தம்பி போகப் போறே?"